குளிர்நீரில் குளிக்க என்ன உடுத்துவது?

தமிழில் கடலுக்குள் மூழ்குவதற்கு ஒரு அழகான சொல் உண்டு. குளித்தல். முத்துக்குளித்தல், சங்கு குளித்தல் என்று இன்றும் சொல்கிறோம். குளிப்பது என்றாலே உடம்பு குளிர்வதுதானே! நம் கடலில் அந்தக் குளிர்ச்சி சுகமாக இருக்கும். ஆனால் உலகத்தில் எல்லாக் கடலும் அப்படி இல்லை. சில இடங்களில் இறங்கிய சில நிமிடங்களிலேயே விரல் மரத்துப் போகும். அங்கே உடை சரியில்லை என்றால் உயிர் போய்விடும்.

அந்த மாதிரித் தண்ணீரில் மூழ்குபவர்கள் போட்டுக்கொள்வதுதான் ட்ரை சூட் எனப்படும் உலர் உடை. உள்ளே ஒரு சொட்டு நீரும் வராமல் உடம்பைக் காயவைத்தே கடலுக்குள் கொண்டுபோகும் உடை இது. இதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கட்டுரையின் விஷயம்.

"காரைக்கால் தலத்தெருவில் உட்கார்ந்துகொண்டு இது எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிளிஞ்சல்மேட்டிலோ காரைக்கால்மேட்டிலோ கடலில் இறங்கும் மீனவர் ஒருவரிடம் ட்ரை சூட் என்று சொன்னால் சிரித்துவிடுவார். இந்தக் கரையில் மார்கழி, தையில்கூட கடல்நீர் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. மற்ற மாதங்களில் 28, 29 டிகிரி. புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொள்பவர்களுக்கு மெல்லிய வெட் சூட்டே தாராளம்.

ஆனால் காரைக்காலுக்கு இன்னொரு கரையும் இருக்கிறது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. 1962-இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் உண்டு. சொல்தா பென்ஷன் வாங்கிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிஸ் பக்கம் வளர்கிறார்கள். நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் மாவட்டத்து மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குப் போய்க் குடியேறிய ஈழத்தமிழர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். டொரன்டோ தமிழர்களுக்குச் சில மணி நேரப் பயணத்தில் டோபர்மோரி இருக்கிறது. 1987-இல் உருவான அந்தக் கடற்பூங்காவில் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல்களைப் பார்க்கத்தான் டைவர்கள் போகிறார்கள். இந்தத் தலைமுறைக்கு டைவிங் ஒரு பொழுதுபோக்கு. அவர்களில் யாராவது அடுத்த மாதம் ஒரு ட்ரை சூட் வாங்கலாம். தப்பாகவும் வாங்கலாம். அதுதான் கவலை.

தண்ணீர் எப்படிச் சூட்டைத் திருடுகிறது?

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். 15 டிகிரி காற்றில் ஒரு ஸ்வெட்டரோடு உலாவலாம். 15 டிகிரி தண்ணீரில் வெறும் உடம்போடு கிடந்தால் கொஞ்ச நேரத்தில் நடுக்கம் எடுக்கும். பிரான்சின் வடமேற்கே பிரித்தானி கடற்கரையில் குளிர்காலக் கடல் 10 டிகிரி அளவில் இருக்கும். ஆழமான ஏரிகளில் நிலைமை இன்னும் மோசம். நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும், அதனால் அந்தக் குளிர்ந்த நீர் அடியில் போய்த் தங்கிவிடும். மேலே ஜூலை மாத வெயில் காய்ந்தாலும் கீழே ஐந்தாறு டிகிரிதான்!

இதற்கு மனிதர் கண்டுபிடித்த வழிகள் இரண்டு. முதல் வழி வெட் சூட். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் உருவாக்கியது. நியோப்ரீன் ரப்பர் நுரைக்குள் இருக்கும் நுண்குமிழ்கள் சூட்டைத் தடுத்து வைக்கும். உடைக்கும் தோலுக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் புகும், உடம்பு அதைச் சூடாக்கிக்கொள்ளும். குறை என்னவென்றால், ஆழத்தில் அழுத்தம் ஏற ஏற அந்தக் குமிழ்கள் நசுங்கி உடை மெலிந்துபோகும். எங்கே குளிர் அதிகமோ அங்கேயே பாதுகாப்பு குறைகிறது.

இரண்டாவது வழிதான் ட்ரை சூட். இது வெட் சூட்டுக்கும் மூத்தது. 1837-இல் அகஸ்டஸ் சீப் செய்த, செப்புத் தலைக்கவசத்தோடு இணைந்த மூடிய உடைதான் இதன் பாட்டன். உள்ளே தண்ணீருக்குப் பதில் காற்று இருக்கும். காற்றும் அதற்குள் போட்ட உள்ளுடையும் சேர்ந்து உடம்பைக் காக்கும்.

இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. காற்று அழுத்தத்துக்குச் சுருங்கும். மேலே 10 லிட்டர் இருந்த காற்று 10 மீட்டர் ஆழத்தில் 5 லிட்டர், 30 மீட்டரில் இரண்டரை லிட்டர். உடை உடம்பை இறுக்கிப் பிடிக்கும், மிதப்பு குறையும், இன்னும் வேகமாகக் கீழே இழுக்கும். அதனால் இறங்கும்போது சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் வழியாக உடைக்குள் காற்றை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மார்பில் இருக்கும் வால்வு அதற்குத்தான். ஏறும்போது நேர்மாறு. காற்று விரியும், தோள் பக்கத்து வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். மறந்தால் பலூன் மாதிரி மேலே தூக்கிக்கொண்டு போகும். காற்று கால் பக்கம் போய்விட்டால் தலைகீழாகத் தூக்கும். நுரையீரல் கிழியலாம், ரத்தத்தில் குமிழ் கட்டலாம்.

ஆகவே இதைச் சட்டை என்று நினைப்பது தவறு. இது ஒரு இயந்திரம். ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் வண்டி வாங்குவது மாதிரிதான், கற்றுக்கொள்ளாமல் ட்ரை சூட் வாங்குவதும்.

மொன்டானா ஏரியில் நடந்தது

2020 நவம்பர் 1. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் மெக்டொனால்டு ஏரி. 18 வயது மாணவி ஒருவர் பயிற்சி டைவுக்கு இறங்குகிறார். உடம்பில் ட்ரை சூட். அதைப் பழையதாக, தனியாரிடம் விலைக்கு வாங்கியிருந்தார். அந்த உடையின் வால்வும், அவரிடமிருந்த காற்றுக் குழாயின் முனையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. குழாய் இணைக்கப்படாமலே இறங்கினார். உடைக்குள் காற்று விட வழியே இல்லை. போதாக்குறைக்குச் சுமார் 20 கிலோ ஈயம், அவசரத்தில் கழற்றிப் போட முடியாதபடி பைகளில் இருந்தது. ஆழம் கூடக் கூட உடை இறுக்கியது. அவர் மேலே வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். உடை கிழிந்திருந்ததா? இல்லை. ஒழுகியதா? இல்லை. ஒரு சின்ன இணைப்பு முனை பொருந்தவில்லை, அவ்வளவுதான். கடையில் தனியாக வாங்கினால் உடையின் விலையில் ஒரு சிறு பங்குகூட வராத பாகம் அது.

ட்ரை சூட் வாங்குவதைப் பற்றி எத்தனை அறிவுரை சொன்னாலும் இந்த ஒரு மரணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் கேள்வி நிறமும் இல்லை, பிராண்டும் இல்லை. "இதன் வால்வு என் குழாயோடு இணைகிறதா? அதை இயக்க எனக்குத் தெரியுமா?" என்பதுதான்.

ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்று ஒரு பிளவு இருக்கிறது. ஆண்டு முழுவதும் தண்ணீர் 2 முதல் 4 டிகிரிதான். அங்கே ட்ரை சூட் சான்றிதழோ, அண்மையில் குறைந்தது 10 ட்ரை சூட் டைவ் செய்த பதிவோ இல்லாமல் டைவ் பண்ண விடமாட்டார்கள். சுற்றுலாப் பயணி பணம் கொடுக்கத் தயாராக இருந்தாலும் விடமாட்டார்கள். அதுதான் சரி.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

1. துணி. முக்கியமாக மூன்று வகை. நியோப்ரீன் உடை தானே கொஞ்சம் சூடு தரும், உடம்போடு ஒட்டி இருக்கும், நீந்த எளிது. ஆனால் கனம், காய நேரமாகும், ஆழத்தில் மெலியும். டிரைலாமினேட் என்பது இரண்டு துணிக்கு நடுவே ரப்பர் படலம் வைத்தது. இலேசானது, சீக்கிரம் காயும், மடித்துப் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுபோகலாம். ஆனால் அதற்கென்று சூடு கிடையாது, உள்ளுடைதான் எல்லாம். மூன்றாவது கெட்டி ரப்பர் உடை. சாக்கடை, ரசாயனக் கழிவு கலந்த நீரில் இறங்கும் காவல்துறை, தொழிற்சாலை டைவர்களுக்கு. கழுவினால் சுத்தமாகிவிடும். பொழுதுபோக்குக்கு அது தேவையில்லை. வெவ்வேறு குளிரில் டைவ் செய்பவருக்கு டிரைலாமினேட்தான் லாபம். உடை ஒன்று, உள்ளுடை இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

2. உள்ளுடை. பருத்தி கூடவே கூடாது. நம் ஊர் பனியன் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். வெயிலுக்கு அது வரம், இங்கே அது எமன். ஃபிளீஸ், கம்பளி, தின்சுலேட் போன்றவைதான் வேண்டும். உடைக்கு நிறையச் செலவழித்துவிட்டு உள்ளுடையில் மிச்சம் பிடிப்பவர்கள் நடுங்கிக்கொண்டுதான் கரை ஏறுவார்கள்.

3. கழுத்தும் மணிக்கட்டும். தண்ணீர் புகுந்தால் இங்கேதான் புகும். லேடெக்ஸ் பட்டை நன்றாக ஒட்டும், ஆனால் வெயிலும் எண்ணெயும் வாசனைத் திரவியமும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் வரும். சிலிகான் மென்மையானது, வளையத்தோடு வந்தால் வீட்டிலேயே மாற்றலாம். நியோப்ரீன் பட்டை நீடித்து உழைக்கும். தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் டைவுக்கு முந்தின நாள் எண்ணெய்க்கு விடுமுறை விடுவது நல்லது :-)

4. ஜிப். உடையிலேயே விலை உயர்ந்த பாகங்களில் ஒன்று இது. பித்தளைப் பல் ஜிப்புக்கு மெழுகு போட வேண்டும், மடக்கக் கூடாது. பிளாஸ்டிக் ஜிப் இலேசானது. முதுகில் இருந்தால் போட்டுவிட இன்னொருவர் வேண்டும். மார்புக் குறுக்கே இருந்தால் தானே போட்டுக்கொள்ளலாம்.

5. அளவு. உள்ளுடையைப் போட்டுக்கொண்டுதான் அளவு பார்க்க வேண்டும். குந்தி உட்கார வேண்டும். இரண்டு கையையும் குறுக்கே கட்டிப் பார்க்க வேண்டும். தலைக்குப் பின்னால் சிலிண்டர் வால்வு இருக்கும் இடம் வரை கை எட்ட வேண்டும். இறுக்கமாக இருந்தால் எட்டாது. தொளதொள என்றிருந்தால் காற்று உள்ளே ஓடி விளையாடும். ஐரோப்பிய உடல்வாகுக்கு வெட்டிய அளவு நம்மவர்களுக்குக் கை நீளமாகவும் கால் நீளமாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அளவெடுத்துத் தைப்பதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவு இல்லை.

ஒரு கணக்கு

வணிகவியல் படிப்பவர்கள் எதற்கும் ஒரு லாப நட்டக் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். இதற்கும் போடலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

உடை 1500 யூரோ, உள்ளுடை 300 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1800. எட்டு ஆண்டு உழைக்கும். அதற்குள் கழுத்து, கை பட்டைகள் மூன்று முறை மாற்ற 300, ஜிப் ஒரு முறை மாற்ற 300. ஆக 2400. கடைசியில் விற்றால் 400 வரும். நிகரச் செலவு 2000 யூரோ. ஆண்டுக்கு 250.

வாடகை ஒரு நாளைக்கு 40 யூரோ என்றால், 250-ஐ 40-ஆல் வகுத்தால் ஆறேகால். ஆண்டுக்கு ஆறு நாள் வரை டைவ் செய்பவருக்கு வாடகையே லாபம். ஏழாவது நாளிலிருந்துதான் சொந்த உடை லாபம். கல்லூரியில் அடக்கவிலைக் கணக்கியல் பாடத்தில் வரும் லாப நட்டமில்லாப் புள்ளி இதுதான். கோடை விடுமுறையில் இரண்டு நாள் மட்டும் இறங்குபவர் உடை வாங்கினால் அது பரணில்தான் இருக்கும். பரணில் கிடக்கும்போதும் ரப்பர் கெட்டுக்கொண்டே இருக்கும் என்பது இந்தத் தேய்மானத்தின் விசேஷம்.

வாடகைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நாலு வகை உடையைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். பெண் பார்க்கப் போவதற்கே பத்து விசாரிப்பு வைக்கும் சமூகம், உயிரைக் காக்கும் உடைக்கு ஒரு விசாரிப்பாவது வைக்க வேண்டாமா?

பழையது வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நம் நாட்டில் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் பி.காம். மாணவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதன் 16-ஆவது பிரிவின் அடிப்படை, வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்பது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. என்ன தேவைக்கு என்று விற்பவரிடம் சொல்லி, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருத்தமாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த விதிவிலக்கு, அந்தப் பொருளை விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்குத்தான். அலமாரியைக் காலி பண்ணுவதற்காகத் தன் பழைய உடையை விற்கும் தனி நபருக்கு அந்தப் பொறுப்பு இல்லை. அயல்நாடுகளில் சட்டத்தின் வாசகம் மாறலாம். ஆனால் தனி ஆளிடம் வாங்கும்போது பொறுப்பு பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான் விழும் என்று எண்ணி நடப்பதே புத்திசாலித்தனம்.

எனவே பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பாய்வதற்கு முன், அந்த உடையை ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்துக் காற்றடைத்துச் சோதிக்க வேண்டும். வால்வு, குழாய், முனை மூன்றையும் இணைத்துப் பார்க்க வேண்டும். முதல் டைவ் நீச்சல் குளத்தில்தான் இருக்க வேண்டும். இந்தச் செலவையும் சேர்த்த பிறகும் மலிவாக இருந்தால் அது உண்மையிலேயே மலிவு.

நம் கரையில் குளிப்பவர்கள்

இவ்வளவும் குளிர்நாட்டுக் கதை. நம் கடலுக்கு இதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது.

தூத்துக்குடிப் பக்கம் மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து இறங்கினார்கள். பிறகு படகிலிருக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு இறங்கும் முறை வந்தது. இராமேஸ்வரம், பாம்பன் பக்கம் பெண்கள் புடவைக்கு மேலே ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு கடற்பாசி எடுக்கிறார்கள். "28 டிகிரி தண்ணீர், குளிரா என்ன?" என்று கரையில் நிற்பவருக்குத் தோன்றும். வெறும் உடம்பு சூட்டை இழக்காமல் சும்மா இருக்க வேண்டுமானால் தண்ணீர் 33, 34 டிகிரியாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே எதுவானாலும் மணிக்கணக்கில் கிடந்தால் உடம்பு சூட்டைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

கொரியாவின் ஜேஜு தீவுப் பெண் குளிப்பவர்களான ஹெய்ன்யோ இதற்குச் சாட்சி. 1970-களின் நடுப்பகுதி வரை பருத்தி உடையில்தான் குளிர்காலக் கடலிலும் இறங்கினார்கள். சிறிது நேரத்துக்கு மேல் தாங்காது, கரையேறித் தீ மூட்டிக் காய வேண்டும். வெட் சூட் வந்த பிறகு தொடர்ந்து மணிக்கணக்கில் வேலை செய்ய முடிந்தது. வருமானம் கூடியது. ஒரு உடை என்பது உழைப்பாளிக்கு எவ்வளவு பெரிய மூலதனம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இன்னொன்று. அமெரிக்கக் கடற்படையின் டைவிங் சோதனைப் பிரிவு 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அடியில் வேலை செய்யும்போது உடம்பு சூடாகவும் ஏறும்போது குளிர்ந்தும் இருந்தால் ரத்தத்தில் குமிழ் கட்டும் நோய் அதிகம் வருகிறது என்று காட்டியது. கீழே சங்கைத் தேடி உழைக்கும் உடம்பு ஏறும் நேரத்தில் குளிர்ந்துபோவது சின்ன விஷயமில்லை என்பதற்கு இது ஒரு எச்சரிக்கை.

அவர்களுக்கு ட்ரை சூட் வேண்டாம். வேண்டியது 3 மில்லிமீட்டர் வெட் சூட், சுத்தமான காற்று, எவ்வளவு நேரம் எவ்வளவு ஆழம் என்ற பயிற்சி. படகுக்கும் வலைக்கும் டீசலுக்கும் மானியம் கேட்கிறோம், கிடைக்கிறது. மூழ்கி உழைப்பவரின் உடைக்கும் பயிற்சிக்கும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் கேட்பதில் என்ன தவறு? கட்டடத் தொழிலாளிக்கு ஹெல்மெட் போல இதுவும் ஒரு பாதுகாப்புக் கருவிதான்.

பாரிஸிலோ டொரன்டோவிலோ இருக்கும் அண்ணனோ அத்தை மகளோ ட்ரை சூட் வாங்கப் போவதாகச் சொன்னால், செலவுக்கு ஒரு வரிசையைச் சொல்லுங்கள். முதலில் பயிற்சி, அடுத்து வாடகைக்கு நாலைந்து டைவ், அப்புறம் நல்ல உள்ளுடை, கடைசியாகத்தான் உடை. பழையது என்றால் இணைப்பு முனையைக் கையில் பிடித்து, பொருத்தி, காற்று விட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.